தேர்வுக்கு அனுப்பப்படாதவள்

குணாவுக்கு,

செவ்வாய்க்கிழமை உன் கடிதம் கிடைத்தது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று நாலு வரியில் முடிக்கிறவள் இந்த முறை நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். கூடவே, தேர்வு முடிவு வந்த பிறகு நடக்கப்போகிற உங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் பருவ நிறைவு விழாவுக்கு இப்போதே அச்சடித்த அழைப்பிதழ். விழாக் குழுவில் உன் பெயரும் அச்சாகியிருப்பதை உன் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்வீடு, பக்கத்து வீடு என்று ஒரு சுற்றுப் போய்வந்தார். ரயில்வே பார்சல் ஆபீஸில் ஆயுசில் பாதியைக் கழித்த மனுஷர். தன் பெயர் எதிலும் அச்சாகிப் பார்த்ததில்லை. மகள் பெயரிலாவது அந்த ஆசை தீர்ந்ததே என்று அவருக்குச் சந்தோஷம்.

விழாவில் பரிசு கொடுக்க நான் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறாய். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இருபத்துச் சொச்சம் மைல். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் உன் வீட்டு வாசலில் நிற்கலாம். ஆனாலும் இந்தக் கடிதத்தைத்தான் அனுப்புகிறேன். நேரில் வந்து சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீ என் கையைப் பிடித்துக்கொண்டு ‘போனது போகட்டும், விடும்மா’ என்பாய். நானும் அதுதான் சாக்கென்று விட்டுவிடுவேன். இத்தனை வருஷமும் அப்படி விட்டதுதான். காகிதம் குறுக்கே பேசாது. முழுசாகச் சொல்லிவிடலாம்.

உன் கடிதத்தில் இரண்டு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்று, ‘எனக்கு நினைவு தெரிந்து நான் பார்த்த முதல் விழா உங்கள் பள்ளி விழாதான்மா. அத்தை மடியில் உட்கார்ந்து கைதட்டினேன். சுண்டல் கொடுத்தார்கள்’ என்று எழுதியிருக்கிறாய். இன்னொன்று, இந்த வருஷம் தேர்வுக்குப் போகிற எல்லாரும் தேறிவிடுவார்கள், நூற்றுக்கு நூறு நிச்சயம், மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த ஒரே ஒரு பெண்தான் இடைஞ்சல் என்று எழுதியிருக்கிறாய். அவள் வகுப்பில் கடலோரப் பேச்சு பேசுகிறாளாம், எழுத்து கோணல்மாணலாம். அவள் பெயரை அனுப்பாமல் நிறுத்திவிட்டால் சாதனை அறிக்கையில் கறை இருக்காது என்று தலைமையாசிரியை சொல்கிறாராம். வகுப்பாசிரியை என்ற முறையில் வெள்ளிக்கிழமைக்குள் நீ கையெழுத்துப் போட வேண்டுமாம். ஏதோ சமையலில் உப்பு பார்த்த மாதிரி ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் தோரணத்துக்குக் கலர் காகிதம் வாங்கியதைச் சொல்கிறாய். உன்னைத் திட்டவில்லை. உன் வயசில் எனக்கும் அது ஒரு வரியாகத்தான் இருந்தது.

உன் பூங்காவனம் அத்தை போய் இரண்டு மாசம் ஆகிறது. கருமாதிக்கு வந்திருந்தபோது நீ எல்லாரிடமும், “அத்தைக்கு என்னமோ படிப்பு ஏறலை. இல்லாட்டி அவங்களும் அம்மா மாதிரி டீச்சராயிருப்பாங்க” என்று சொல்லி அழுதாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படி ஒரு கதையை இந்த வீட்டில் பரப்பியவளே நான்தான். இப்போது நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

அத்தையை வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தார்கள். நல்ல நிலபுலன் உள்ள குடும்பம். இரண்டாம் வருஷமே அவள் புருஷன் விஷக் காய்ச்சலில் போய்விட்டான். குழந்தை இல்லை. உன் அப்பா போய் அழைத்துவந்தார். “இட்டுக்கினு வந்துட்டேன். இனிமே இங்கதான் இருப்பா” என்று என்னிடம் சொன்னதோடு சரி. நீ அப்போது கைக்குழந்தை. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்தவள் என்பதால் உன்னை ஒரு நிமிஷம் கீழே விட எனக்கு மனசு வராது. ஆனால் காலை ஒன்பது மணிக்கு நான் வேலை பார்த்த பயிற்சிப் பள்ளிக்குப் போயாக வேண்டும். அத்தை வந்த மறுநாளிலிருந்து உன்னை அவளிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போனேன். தெய்வமே கொண்டுவந்து விட்ட மாதிரி இருந்தது. அவளுக்கு வந்த கஷ்டத்தில் எனக்கு ஒரு வசதி பிறந்தது. அதை அப்போது நான் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை.

உனக்கு நாலு வயசு ஆனபோது ஒருநாள் அவளே கேட்டாள். “அண்ணி, நான் எட்டாவது பாஸ் பண்ணிருக்கேன். நானும் உங்கள மாதிரி டீச்சராவ முடியுங்களா?” எட்டாவது தேறியவர்களுக்கு எங்கள் பள்ளியில் இரண்டு வருஷப் பயிற்சி இருந்தது. கணவனை இழந்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. உன் அப்பாவும் சேர்த்துவிடு என்றார். சேர்த்தேன். உன்னையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்து எங்கள் பள்ளியை ஒட்டியிருந்த மாதிரிப் பள்ளியில் சின்னக் குழந்தைகளோடு விட்டுவிடுவாள். காலையில் எழுந்து சமைத்து, உனக்குத் தலைவாரி, எனக்கும் சாப்பாடு கட்டிக்கொடுத்துவிட்டு அவளும் படிக்க வருவாள். ஒருநாள்கூட மணி அடித்த பிறகு வந்தது கிடையாது. நான்தான் சில நாள் தாமதமாகப் போவேன்.

அது காந்தி வழி ஆதாரப் பயிற்சிப் பள்ளி. படிப்போடு தக்ளியில் நூல் நூற்க வேண்டும், தோட்டம் போட வேண்டும். நூற்ற நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிப் பெயர் எழுதிக் கட்டி ஒப்படைப்பார்கள். அத்தை நூற்ற நூல் அத்தனை சீராக இருக்கும். தோட்டத்தில் அவள் பாத்திக் கத்திரிக்காய்தான் எங்கள் வீட்டுக்கும் வரும், தலைமையாசிரியை வீட்டுக்கும் போகும். எழுத்துப் பாடங்களில் நடுத்தரம். ஆனால் தேறாத பெண் இல்லை. அவள் விடைத்தாள்களைத் திருத்தியவள் நான். எனக்குத் தெரியாதா?

இரண்டாம் வருஷக் கடைசியில் விமர்சன வகுப்பு வரும். உங்கள் பள்ளியிலும் இருக்கிறது, உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஒருத்தி மாதிரிப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துவாள், கூடப் படிக்கிறவர்கள் பின்னால் உட்கார்ந்து குற்றம் குறித்துக்கொள்வார்கள், ஆசிரியை மதிப்பெண் போடுவாள். அத்தைக்கு மூன்றாம் வகுப்பு, வகுத்தல் கணக்கு. அவள் அட்டை, படம் எதுவும் எடுத்துவரவில்லை. மடியில் வேர்க்கடலை கட்டிக்கொண்டு வந்தாள், அவள் பேச்சில் மல்லாட்டை. ஐந்து பிள்ளைகளை முன்னால் நிறுத்திப் பதினேழு மல்லாட்டையைக் கொடுத்து, சண்டை வராமல் பிரித்துக்கொள்ளச் சொன்னாள். ஆளுக்கு மூன்று போக இரண்டு மிஞ்சியது. “எனக்கு, எனக்கு” என்று ஒரே கூச்சல்.

“ரெண்ட ஆராவது எடுத்துக்கினா பங்கு சரியா இருக்குமா?” என்று கேட்டாள்.

“இருக்காது டீச்சர்.”

“அப்ப ஆருக்கும் கெடையாது. அதுக்குப் பேரு மீதி. தனியா எழுதி வச்சிடலாம். பாடம் முடியட்டும், எல்லாத்தையும் தின்னுடலாம்.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. பின்னால் இருந்த பயிற்சிப் பெண்களும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் வகுத்தலை அன்றைக்குப் புரிந்துகொள்ளாதது ஒன்றுகூட இல்லை. நான் மட்டும் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில், ‘வகுப்பில் ஒழுங்கு இல்லை. பேச்சு நடை கொச்சை. துணைக்கருவி தயாரிப்பு போதாது’ என்று எழுதினேன். நாற்பது வேண்டிய இடத்தில் முப்பத்தாறு போட்டேன். வேறு ஒருத்தி அதே பாடத்தை நடத்தியிருந்தால் அறுபது போட்டிருப்பேன், குணா. சத்தியமாகப் போட்டிருப்பேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், அந்த நாளில் நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம் நேர்மை. நாத்தனார் என்பதால் தூக்கிவிட்டாள் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது. அதற்கு முந்தின வருஷம் எங்கள் பள்ளியில் சிலர் தோற்று, மேலிடத்திலிருந்து தலைமையாசிரியைக்குக் கடுமையான கடிதம் வந்திருந்தது. இந்த வருஷம் யாரும் தோற்கக்கூடாது என்று அவர் குறியாக இருந்தார். சந்தேகமானவர்களை நிறுத்துவதற்குப் பட்டியல் போட்டோம். அத்தை பெயர் வந்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “ஒரு பாடத்துலதானே கொறஞ்சிருக்கு. மத்ததெல்லாம் பரவால்லையே. நீங்க சரின்னா அனுப்பிடலாம் டீச்சர்” என்றார். சரி என்று ஒரு சொல் போதும். “வேணாம்மா, எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஒங்கள மாதிரி மனசு யாருக்கும் வராது” என்றார். அந்தப் பாராட்டு எனக்குத் தேனாக இருந்தது.

பட்டியல் ஒட்டிய அன்று மாலை வீட்டுக்கு வந்து அத்தை என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அண்ணி, நான் இன்னா தப்பு பண்ணேன்? சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்.” நான் அவள் முகத்தைப் பார்க்காமல், “ஒழுங்கு பத்தலை. அடுத்த வருஷம் எழுதிக்கலாம், அவசரமா என்ன?” என்றேன். “சரிங்க அண்ணி” என்றாள். அப்புறம், “பாப்பாவுக்கு ஒடம்பு சுடுது. கேப்பைக் கஞ்சி வைக்கிறேன்” என்று உள்ளே போய்விட்டாள். வாதாடியிருந்தால், அழுதிருந்தால், மறுநாள் நான் தலைமையாசிரியையிடம் போயிருப்பேனோ என்னவோ. தெரியவில்லை. அவள் அழாததையும் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டேன்.

தேர்வு முடிவு வந்தது. போனவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள். அந்தப் பருவ நிறைவு விழாவைத்தான் நீ நினைவு வைத்திருக்கிறாய். மேடையில் தோரணம், பயிற்சிப் பெண்கள் செய்த பொம்மைகள், தோட்டத்துக் காய்கள், மேஜை நிறைய நூல் சிட்டங்கள். அத்தை நூற்ற சிட்டங்களும் அதில் இருந்தன. மேல்வரிசையில், எல்லார் கண்ணிலும் படும்படி. பள்ளியை விட்டு நின்றவள் என்பதால் பெயர்ச் சீட்டை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். சாதனை அறிக்கையை எழுதி வாசித்தவள் நான். ‘தேர்வுக்கு அனுப்பப்பட்ட அனைவரும் தேர்ச்சி பெற்றனர்’ என்ற வாக்கியம் என்னுடையதுதான். ‘அனுப்பப்பட்ட’ என்ற சொல்லை எத்தனை சாமர்த்தியமாகப் போட்டிருக்கிறேன் பார். கேட்டவர்கள் யாருக்கும் அனுப்பப்படாதவர்கள் ஞாபகத்துக்கே வரவில்லை.

நீ வீட்டில் அழுதாய் என்று உன்னைக் கூட்டிக்கொண்டு அத்தை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியை பேசும்போது என்னைப் புகழ ஆரம்பித்தார். “சொந்த நாத்தனார்னுகூடப் பாக்காம நிறுத்தினவங்க நம்ம டீச்சர். இந்த நூத்துக்கு நூறு அப்படி வந்ததுதான்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பின்னால் பார்த்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நீ கைதட்டினேன் என்று எழுதியிருக்கிறாயே, நீ தட்டவில்லை, கண்ணு. அத்தனை பேர் தன்னைப் பார்த்தபோது அவள் உன் இரண்டு கையையும் பிடித்து, உன்னைத் தட்டவைத்தாள். தன் முகத்தை உன் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். மேடையிலிருந்து நான் பார்த்தேன். பார்த்துவிட்டு எல்லாரையும் கும்பிட்டு உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, “ஒங்கள எவ்ளோ பெருமையாப் பேசுனாங்க அண்ணி” என்றாள். குத்திக்காட்டினாளா, நிஜமாகவே சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுக்குக் குத்திக்காட்டத் தெரியாது என்பதுதான் பெரிய தண்டனை.

நேர்மை என்று சொன்னேன் இல்லையா? அது பாதிதான். மீதியையும் எழுதிவிடுகிறேன். தேறியவர்களை எங்கெங்கோ கிராமங்களில் வேலைக்குப் போட்டார்கள். அத்தை தேறியிருந்தால் மறு மாசமே ஒரு தகரப் பெட்டியோடு கிளம்பியிருப்பாள். உன்னை யார் பார்த்துக்கொள்வது? எனக்கு யார் சோறு கட்டிக்கொடுப்பது? உன் அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் ஷிப்ட் முடிந்து எந்த நேரத்தில் வந்தாலும் யார் தட்டு வைப்பது? முப்பத்தாறு என்று எழுதியபோது இதெல்லாம் என் மனசில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பின்பக்கமாக நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் நேர்மையை நிறுத்திவைத்து மறைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் அவள் தனியாக எழுதலாம், பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வாங்கினால் போதும் என்று விதி இருந்தது. அவளே ஒருதரம் ஞாபகப்படுத்தினாள். “பாப்பாவுக்கு இப்பதான் அம்மை போட்டு எறங்கியிருக்கு, இப்ப என்ன ஜல்தி?” என்றேன். அதற்கு மறு வருஷம் அவள் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். தெருப் பிள்ளைகள் சாயங்காலம் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்து உட்காரும். நாள் முழுக்கப் பள்ளியில் கத்திவிட்டு வருகிற எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. “இது வீடா, பள்ளிக்கூடமா? ஒரே பேஜாரா இருக்குது” என்று ஒருநாள் விரட்டிவிட்டேன். அதிலிருந்து யாரும் வருவதில்லை. நீ ஆசிரியர் வேலைக்காக பி.டி. படித்தபோது உன் பாடக்குறிப்புகளை அவள் எடுத்து வைத்துக்கொண்டு படிப்பாளே, ஞாபகம் இருக்கிறதா? “பாப்பா, இதெல்லாம் முன்வரிசைப் புள்ளைங்களுக்குச் சொல்றாப்பல இருக்குது. பின்னாடி குந்திக்கினு இருக்கிறதுங்களுக்கு இன்னா சொல்வ?” என்று கேட்டாள். நீ சிரித்துவிட்டு, “அத்தை, நீங்க சும்மா இருங்க” என்றாய். அன்றைக்கு ராத்திரி நான் அந்தக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரியாக இருந்தது.

கடைசியாக விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்த அன்று நீ பள்ளிக்குப் போயிருந்தாய், மாலையில்தான் வந்தாய். அதனால் உனக்கு இது தெரியாது. சேர்க்கும்போது நர்ஸம்மா விவரம் எழுதிக்கொண்டு, “என்ன வேல பாக்குறாங்க?” என்று கேட்டார். நான், “வேலைன்னு ஒண்ணும் இல்லம்மா, வீட்லதான் இருக்கா” என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தவள் கையைத் தூக்கினாள். “டீச்சர் ட்ரெயினிங் படிச்சிருக்கேன்னு எழுதிக்குங்கம்மா. முழுசா ரெண்டு வருஷம். பரீட்சைக்குத்தான் அனுப்பல” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நர்ஸம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர் அதை எழுதினாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். அந்த மூன்று நாளில் எத்தனையோ முறை பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். தண்ணீர் வேண்டுமா, கால் பிடித்துவிடட்டுமா என்று கேட்டேனே தவிர, இதைச் சொல்லவில்லை. இனி யாரிடம் சொல்ல? அவள் வளர்த்த பிள்ளை நீதான் இருக்கிறாய்.

உன்னைப் பெற்றவள் நான், வளர்த்தவள் அவள். உன் சடை, உன் சாப்பாடு, உன் முதல் சிலேட்டு எல்லாம் அவள் கை. நீ படித்து இந்த வேலைக்கு வருவதற்காக அவள் படிப்பை நீ எடுத்துக்கொண்டதாக நினைத்துக் குமையாதே. எடுத்தவள் நான், உனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. என்மேல் கோபம் வந்தால் கோபப்படு. இரண்டு மாசம் எழுதாமல் இரு. அது எனக்குச் சேர வேண்டியதுதான். உன் அப்பாவிடம் நேற்று இதையெல்லாம் சொன்னேன். எழுந்து போய் அவள் வழக்கமாகப் படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஆனால் அந்தக் குப்பத்துப் பெண்ணின் விஷயத்துக்கு இரண்டு மாசம் இல்லை, வெள்ளிக்கிழமைதான் இருக்கிறது. அவள் கடலோரப் பேச்சு பேசுகிறாள் என்றால், நாளைக்கு அவளிடம் படிக்கப்போகிற பிள்ளைகளும் அதைத்தான் பேசும். எழுத்து கோணல் என்றால் உட்காரவைத்து எழுதச் சொல்லிக்கொடு, அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறோம். அவளை நிறுத்தினால் யாருக்கு வசதி என்று முதலில் யோசி. நேர்மை, பள்ளியின் பெயர், தரம் என்றெல்லாம் உனக்குள் யாராவது பேசினால், பின்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார். தலைமையாசிரியை முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். அறிக்கையில் நூற்றுக்கு நூறு வராமல் போகலாம், போகட்டும்.

பரிசு கொடுக்க நான் வரவில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை. அந்தப் பெண்ணின் பெயர் பட்டியலில் போய்விட்டது என்று ஒரு கார்டு போடு. முடிவு வரும் நாளில் நானே பஸ் ஏறி விழுப்புரம் வருகிறேன், அவளைப் பார்க்க. தேறினாலும் வருகிறேன், தோற்றாலும் வருகிறேன். அவள் தோற்றுவிடுவாளோ என்று பயப்படாதே, குணா. தோற்றவள் மறுபடி எழுதுவாள். உன் அத்தையைத் தோற்கக்கூட நான் விடவில்லை.

அம்மா